மெசின் வந்து நிற்கிறது, கறண்ட் வரவில்லை: ஏ9 சாலையில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜர்

இலங்கையின் வடக்கில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 சாலையோரமாக, கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கடைக்கு முன்னால், வாகனம் விடுகிற இடத்தின் ஓரத்தில் சீமெந்து மேடை கட்டி, அதன்மேல் மின்சாரக் கார்களுக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றுகிற 60 கிலோவாட் டிசி (நேர்மின்னோட்ட) ஃபாஸ்ட் சார்ஜர் ஒன்றைப் பூட்டி, தறப்பாளால் மூடிக் கட்டியிருக்கிறார்கள். மாதக்கணக்காக அப்படியே நிற்கிறது. போகிற வருகிற மின்சாரக் கார்க்காரர்கள் இறங்கி "எப்ப வேலை செய்யும்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். கடைக்கார அண்ணை எல்லாருக்கும் சொல்கிற பதில் ஒன்றுதான்: "மெசின் வந்து நிக்குது, கறண்டுதான் இன்னும் வரேல்லை."

அந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவரோடும், சார்ஜருக்காகக் காத்திருக்கிற ஒருவரோடும், மின்வேலை தெரிந்த இரண்டொருவரோடும் இருந்து கதைத்து எழுதியது இது. வன்னிப் பக்கம் சார்ஜர் போட நினைக்கிற அடுத்த ஆள் இதே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அதுதான் என்னுடைய அக்கறை.

கார்

இந்த விடயத்துக்குள் என்னை இழுத்தவர் எங்கள் ஊர் மாஸ்ரர் ஒருவர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மகளைக் கட்டிக்கொடுத்தது வவுனியாவில், பேரப்பிள்ளைகளைப் பார்க்க அடிக்கடி போயாக வேண்டும். அவரிடம் இருப்பது 24 கிலோவாட்மணிப் பற்றரி கொண்ட நிசான் லீஃப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முந்திய ஆண்டுகளில் யப்பானிலிருந்து பாவித்த கார்களாக நிறைய வந்து இறங்கியவற்றில் ஒன்று. புதிதாக இருக்கும்போது பற்றரியின் நிலைமையைக் காட்ட 12 பார் இருக்கும், இவருடையதில் இப்போது 9. அதாவது ஓடுவதற்கு 15 யூனிற் (ஒரு யூனிற் என்பது ஒரு கிலோவாட்மணி) அளவுதான் மிச்சம். மணிக்கு 70 கிலோமீற்றரில், ஏசியையும் போட்டுக்கொண்டு ஓடினால் 100 கிலோமீற்றருக்கு அந்தப் 15ம் போய்விடும்.

சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 65 கிலோமீற்றர், மாங்குளம் 90, வவுனியா 140. சாவகச்சேரி, கொடிகாமம், பளை என்று வரும்வரை ஏதாவது ஒரு வீடோ கடையோ கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும், அவசரம் என்றால் யாரோ ஒருவர் பிளக் தருவார். ஆனையிறவையும் பரந்தனையும் தாண்டி, கிளிநொச்சியையும் விட்டு, முறிகண்டிக்கு அப்பால் போனால் காடும் வயலும்தான், மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று சந்திகள் தூரத் தூர வரும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்கே போவது எதிர்க்காற்றில் போவது, ஆனையிறவு வெளியில் அது காரைப் பக்கவாட்டிலும் பிடித்துத் தள்ளும். அந்த நாட்களில் சார்ஜ் இறங்குகிற வேகம் வேறு என்கிறார் மாஸ்ரர்.

அவர் செய்வது இதுதான். ஏசியை நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, 50இல் உருட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய், அங்கே சொந்தக்காரர் வீட்டில் 13 அம்பியர் பிளக்கில் காரைப் போட்டுவிட்டு, சாப்பிட்டுப் படுத்தெழும்பி, பின்னேரம் வெளிக்கிடுவார். சாதாரணப் பிளக்கில் மணிக்கு 2 யூனிற் அளவில்தான் ஏறும். மூன்று மணித்தியாலம் காத்திருந்தால் 40 கிலோமீற்றர் கிடைக்கும். ஏற்கெனவே மிஞ்சியிருந்ததையும் சேர்த்தால் வவுனியா எட்டும், ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பெற்றோல் காரில் இரண்டரை மணித்தியாலத்தில் போகிற பயணத்துக்கு அவருக்கு ஒரு பகல் போகிறது. "எனக்குக் காத்திருக்கிறது பிரச்சினை இல்லை தம்பி, மனிசி இந்த வெக்கைக்குள்ள ஏசி இல்லாமல் வாறதுதான் கஷ்டம்" என்றார்.

இத்தனைக்கும் எல்லா வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கத்தான் செய்கிறது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க அரை மணித்தியாலம் போய்விடும். அந்த அரை மணித்தியாலத்துக்குள் மாஸ்ரரின் காருக்குத் தேவையான முழுச் சார்ஜையும் ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் கொடுத்துவிடும். நிற்கிற வழக்கம் இருக்கிறது, நிற்கிற இடமும் இருக்கிறது.

கடை

கடைக்கார அண்ணைக்கு இந்த யோசனை வந்தது 2022இல். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் அட்டையில் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளவு. அந்தக் காலத்தில் அவர் கடைக்கு வந்த கொஞ்ச வாகனங்களில் லீஃப்களும் இருந்தன, வந்தவர்கள் பிளக் கேட்டார்கள், கொடுத்தார். மின்வெட்டு ஒரு கட்டத்தில் 13 மணித்தியாலம் வரை போன ஆண்டு அது, ஆனாலும் மிச்ச நேரத்தில் கறண்ட் இருந்தது, பெற்றோல் இருக்கவில்லை. அப்புறம் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். புதிய மின்சாரக் கார்கள் சாலையில் தெரியத் தொடங்கியதும் இவர் துணிந்துவிட்டார். கனடாவில் இருக்கிற தம்பியின் காசையும் தன் காசையும் போட்டு மெசினை வாங்கினார். விற்றவர் சொன்னது: 60 கிலோவாட் போடுங்கள், இனி வரப்போவதெல்லாம் பெரிய பற்றரிக் கார்கள், சின்ன மெசின் வைத்தால் ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

இணைப்பைப் பற்றி விற்றவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கடைக்கு ஏற்கெனவே மூன்று பேஸ் 30 அம்பியர் இணைப்பு இருக்கிறது, குளிர்ப்பெட்டி இரண்டு ஓடுகிறது, மாவரைக்கிற மெசின் ஓடுகிறது, தண்ணீர்ப் பம்பும் ஓடுகிறது. மூன்று பேஸ் இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்?

42

இந்தக் கதையின் நடு முடிச்சு இந்த இலக்கத்தில் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு இணைப்பு ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதைக் கேவிஏயில் அளப்பார்கள், அது கிலோவாட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். மூன்று பேஸ் 30 அம்பியர் என்றால் ஏறத்தாழ 20 கேவிஏ. 60 அம்பியர் என்றால் ஏறத்தாழ 42 கேவிஏ. இலங்கையின் மின்கட்டண முறையில் இந்த 42 ஒரு எல்லைக் கோடு. அதுவரை நீங்கள் சாதாரணச் சில்லறைப் பாவனையாளர்: கம்பத்திலிருந்து கம்பி, மீற்றர், மாத பில். 42ஐத் தாண்டினால் மொத்த இணைப்பு என்ற வேறு வகைக்குப் போய்விடுவீர்கள். அங்கே யூனிற்றுக்குக் கட்டுவதோடு முடியாது. உங்கள் ஆகக்கூடிய இழுவை எத்தனை கேவிஏ என்று அளந்து, அதற்கும் மாதாமாதம் தனியாகக் கட்ட வேண்டும். மாதத்தில் ஒரேயொரு தடவை, ஒரு கால்மணி நேரம் மெசினை முழு வேகத்தில் ஓட்டினாலும் அந்த அளவுதான் பில்லில் விழும்.

60 கிலோவாட் மெசின் முழுதாக ஓடினால் 65 கேவிஏ அளவில் இழுக்கும். கோட்டுக்கு மிகவும் அப்பால்.

அதைவிடப் பெரிய சிக்கல் ட்ரான்ஸ்போமர். வன்னியில் 33,000 வோல்ற் கம்பி சாலையோரம் ஓடினாலும், கடைக்கு வருவது ஊருக்கென்று கம்பத்தில் வைத்த சின்ன ட்ரான்ஸ்போமரிலிருந்து. அதே ட்ரான்ஸ்போமரில்தான் சுற்றியிருக்கிற வீடுகள், தோட்டத்து மோட்டர்கள், ஒரு அரிசி ஆலை எல்லாம் தொங்குகின்றன. 100 கேவிஏ ட்ரான்ஸ்போமரின் தலையில் 65ஐக் கொண்டுபோய் ஏற்றினால் பின்னேரம் வீடுகளில் லைற் மங்கும். விதிப்படி 230 வோல்ற்றிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கிற வீட்டுக்கு அதைக் காப்பாற்றுவது சும்மாவே பாடு. ஆகவே இந்த மெசினுக்குத் தனி ட்ரான்ஸ்போமர் வேண்டும் என்றார்கள் மின்சார இணைப்புக் கொடுக்கிறவர்கள், அதன் செலவையும் வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்றார்கள். மதிப்பீட்டுக் கடிதம் வந்தபோது அண்ணை அதை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். மெசின் வாங்கிய காசுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு.

இதில் இணைப்புக் கொடுக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊருக்கு வருகிற மின்சாரத்தை அவர்கள் காப்பாற்றத்தான் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு வவுனியா, கிளிநொச்சி, சுன்னாகம் வழியாகத் தேசிய மின்தொகுதியோடு திரும்பச் சேர்ந்ததே போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகுதான். பெரிய கம்பி வந்துவிட்டது. அதிலிருந்து சாலையோரக் கடைவரை வருகிற சின்னக் கம்பி இப்படியொரு மெசினை நினைத்துப் போட்டதில்லை.

யாருக்கு எவ்வளவு வேகம் வேண்டும்

இங்கேதான் மாஸ்ரர் தன் கணித வாத்தியார் மூளையைப் போட்டார். ஒருநாள் மூன்று பேரும் கடையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது, ஒரு கச்சான் சரையைப் பிரித்து அந்தக் கடதாசியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்.

அவருடைய காரை எந்தச் சார்ஜரில் செருகினாலும் அது 40 கிலோவாட் சொச்சத்துக்கு மேல் வாங்காது. அதுவும் தொடக்கத்தில் கொஞ்ச நேரம்தான், பற்றரி நிரம்ப நிரம்பத் தானாகவே குறைத்துக்கொள்ளும், 80 சதவீதத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். லீஃப் பற்றரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் கிடையாது. வெயிலில் ஓடி வந்த சூட்டோடு செருகினால் இன்னும் மெதுவாக வாங்கும். அவருக்கு வேண்டியது 8, 9 யூனிற். 60 கிலோவாட் மெசினில் அதற்கு 20 நிமிடம் போகும் என்றால் 30 கிலோவாட் மெசினில் 25 நிமிடம். ஐந்து நிமிட வித்தியாசத்துக்காகவா ஒரு ட்ரான்ஸ்போமர்?

சரி, பெரிய கார்கள்? பிவைடி அட்டோ 3 மாதிரி 60 கிலோவாட்மணிப் பற்றரிக் காருக்கு 30 கிலோவாட் மெசின் மெதுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கார் யாழ்ப்பாணத்தில் நிறைய ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டால் வன்னியை நிற்காமலே கடந்து அநுராதபுரம் தாண்டிப் போய்விடும். அதற்கு வன்னியில் நின்றே தீர வேண்டிய தேவை இல்லை. கொழும்பிலிருந்து திரும்பி வரும்போது வழியில் சார்ஜ் போடாமல் வவுனியாவுக்கு வந்து, மிச்சம் போதுமோ என்று யோசிக்கிறவருக்கு வேண்டுமானால் தேவைப்படும். அவருக்கும் 30 கிலோவாட்டில் அரை மணித்தியாலம் நின்றால் 80, 90 கிலோமீற்றருக்குக் கிடைத்துவிடும், வீடு போய்ச் சேர அது காணும்.

நான் இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்கிற முடிவு அதுதான், உறுதியாகவே சொல்கிறேன்: இந்தச் சாலையில் ஃபாஸ்ட் சார்ஜருக்காக உண்மையில் தவிக்கிறவர்கள் பழைய, சின்னப் பற்றரிக் கார் வைத்திருக்கிறவர்கள். அவர்களுக்கு அதிவேகம் தேவையில்லை. 30 கிலோவாட் போதும், அது 42 என்ற கோட்டுக்குள்ளேயே அடங்குகிறது. புதிய கார்களை மனதில் வைத்துப் பெரிய மெசின் வாங்கப் போய், பழைய கார்க்காரரையும் சேர்த்துக் காக்க வைத்துவிட்டோம்.

பிளக்கிலும் இதே கதைதான் நடக்கிறது. லீஃப்பின் வேகச் சார்ஜ் வாய் சாடெமோ என்கிற யப்பான் முறை. இப்போது வருகிற புதிய கார்களில் பெரும்பாலும் சிசிஎஸ்2, சிலவற்றில் சீனத்து ஜிபி/ரி. மெசின் வாங்கும்போது "சாடெமோ பழசு, இனி அது வேண்டாம்" என்று விற்பவர்கள் சொல்கிறார்கள், விலையும் கொஞ்சம் குறையும். உலகம் அந்தப் பக்கம் போகிறது என்பது உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்று ஓடுகிற மின்சாரக் கார்களில் லீஃப் எத்தனை என்று ஒரு சந்தியில் நின்று பார்த்தாலே தெரியும். அண்ணை அந்த ஒரு விடயத்தில் பிடிவாதமாக நின்று சிசிஎஸ்2, சாடெமோ இரண்டும் உள்ள மெசின்தான் வேண்டும் என்று வாங்கியிருக்கிறார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

இந்தச் சாலையில் காத்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடிகளில் பொதிகளை இறக்கி ஏற்றி மணிக்கணக்காக வரிசையில் நின்றவர்கள் நாங்கள், 2006 ஓகஸ்ட்டில் பாதை மூடப்பட்ட பிறகு நிற்க வரிசைகூட இல்லாமல் போனதையும் பார்த்தவர்கள். பழகிவிட்டது என்பதற்காக இதையும் பொறுத்துக்கொள் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. இங்கே தடையாக நிற்பது ஒரு கணக்கும் ஒரு கம்பியும்தான், இரண்டையும் சரிசெய்யலாம்.

என்ன செய்தார்கள்

மாஸ்ரரின் கணக்கைக் கேட்ட பிறகு அண்ணை முதலில் நினைத்தது மெசினை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவதைப் பற்றி. அதற்குத் தேவை வரவில்லை. கிளிநொச்சியிலிருந்து வந்த மின்வேலைக்காரத் தம்பி ஒருவர் மெசினின் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே 30 கிலோவாட் மொடியூல் இரண்டு இருப்பதைக் காட்டினார். இந்த வகை மெசின்கள் அநேகமாக அப்படித்தான் செய்யப்படுகின்றன, சின்ன மொடியூல்களைச் சேர்த்துத்தான் பெரிய அளவு வருகிறது. ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, மெசினின் உச்ச அளவையும் 30க்கு மட்டுப்படுத்திவிட்டால் அது 32, 33 கேவிஏக்கு மேல் இழுக்காது. 60 அம்பியர் இணைப்பு எடுத்தால் கடைக்கு இன்னும் 9, 10 கேவிஏ மிஞ்சும். குளிர்ப்பெட்டிக்கும் லைற்றுக்கும் அது தாராளம், மாவரைப்பதையும் பம்பையும் சார்ஜர் ஓடாத நேரத்தில் வைத்துக்கொண்டால் சரி. கழற்றிய மொடியூலைப் பத்திரமாக வைத்திருந்தால், மற்றது பழுதானால் மாற்றிப் போடவும் உதவும்.

இன்னொன்றும் தம்பி சொன்னார், யாரும் கவனிக்காதது: எர்த். வன்னியில் கோடையில் நிலம் காய்ந்து போனால் எர்த் கம்பியின் தடை ஏறிவிடும், அது சரியில்லை என்றால் மெசின் தானாகவே நின்றுவிடும், கார்க்காரர் மெசின் பழுது என்று திட்டிவிட்டுப் போவார். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் வேறு. ஆகவே ஒரு கம்பிக்குப் பதில் மூன்று கம்பி இறக்கி, மின்னல் பாதுகாப்பும் போட்டிருக்கிறார்கள். சீமெந்து மேடையை ஒரு பக்கம் உடைத்துத்தான் அதைச் செய்ய வேண்டியிருந்தது. முதலிலேயே யோசித்திருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

இதோடு நான் கேட்டு வாங்கிய ஒன்று இருக்கிறது. டிசி மெசினுக்குப் பக்கத்தில் ஏசி பிளக், அதாவது மெதுவாக ஏற்றுகிற மாறுமின்னோட்டப் பிளக் ஒன்று, டிசி ஓடாதபோது மட்டும் வேலை செய்கிற மாதிரி. டிசி மெசின் ஒருநாள் நின்றுவிட்டால் கார்க்காரர் நடுக்காட்டில் நிற்கக் கூடாது, மெதுவாகவாவது ஏற்றிக்கொண்டு போக வழி வேண்டும். இந்தச் சாலையில் யாராவது முதலீடு செய்யப்போகிறார்கள் என்றால் ஒரே இடத்தில் ஒரு 120 கிலோவாட் மெசினை வைப்பதைவிட, முறிகண்டிப் பக்கம் ஒரு 30, புளியங்குளம் பக்கம் ஒரு 30 என்று தள்ளித் தள்ளி வைப்பதையே நான் கேட்பேன். ஒன்று நின்றாலும் மற்றது இருக்கும், ஒன்றில் ஆள் நின்றாலும் மற்றதுக்குப் போகலாம். சங்குப்பிட்டிப் பாலம் வழியாகப் பூநகரி, மன்னார் என்று போகிற ஏ32க்கும் இதே கணக்குத்தான் பொருந்தும், அங்கே ஊர்மனை இன்னும் ஐது.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைதான் நாட்டில் மின்சாரம் நெருக்கடியான நேரம். வன்னியைக் கடக்கிற கார்கள் பெரும்பாலும் காலை பத்துக்கும் பின்னேரம் நாலுக்கும் இடையில் கடக்கின்றன, வெயில் உச்சியில் நிற்கிற நேரத்தில். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது என்று கூரையில் சூரியத் தகடு வைத்திருந்தவர்களை அதை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். நிறுத்தச் சொன்ன அந்த மின்சாரத்தைப் பகலில் வாங்கிக்கொள்ளக் கூடியவை இந்தக் கார்கள். கடையின் கூரை தெற்குப் பக்கம் சரிந்த பெரிய கூரை, அண்ணை அதையும் அண்ணாந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறார்.

இப்போதைய நிலை: 60 அம்பியருக்கு விண்ணப்பம் கொடுத்து, வந்து பார்த்து, புதிய மதிப்பீடு வந்திருக்கிறது. தனி ட்ரான்ஸ்போமர் என்ற பேச்சு அதில் இல்லை, கம்பியும் மீற்றரும் மாற்றுகிற செலவுதான். காசு கட்டியாகிவிட்டது. மீற்றர் மாற்ற வருகிற நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். தறப்பாள் இன்னும் கழற்றவில்லை.

அதுவரை அந்தப் பக்கம் போகிற லீஃப்காரர்கள் கிளிநொச்சியிலேயே ஏற்றிக்கொண்டு போங்கள். கைப்பேசி வரைபடத்தில் பச்சைப் புள்ளி தெரிகிறது என்று நம்பி வெளிக்கிடாதீர்கள், அந்த இடத்துக்கு அழைத்து "மெசின் இப்ப ஓடுதோ, சாடெமோ பிளக் இருக்கோ" என்ற இரண்டையும் கேளுங்கள். அண்ணையின் கடையில் சாதாரணப் பிளக் இப்போதும் இருக்கிறது, மா அரைபடாத நேரம் பார்த்துத் தருவார்.